ஆயர் இல்லாத முல்லை

சென்ற இதழில் வந்த தான்சானியா கட்டுரைக்கு எதிர்வினையாக இதை எழுதுகிறேன். எழுதியவர் நண்பர், பத்து வருஷப் பழக்கம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற முந்நூறு பேரில் பாதிப் பேருக்காவது அவர் யார், நான் யார், எங்களுக்குள் என்ன நடந்தது என்பது தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று செரங்கெட்டிக்கும் ங்கொரோங்கொரோவுக்கும் போவதென்று ஏற்பாடாயிற்று. அதில் ஏழு பேர் எழுதுகிறவர்கள். நானும் பெயர் கொடுத்து முன்பணம் கட்டியிருந்தேன். புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது விலகிக்கொண்டேன். கட்டுரையின் மூன்றாவது பாராவில் 'கடைசி நேரத்தில் கணக்குப் பார்த்துப் பின்வாங்கிய குமாஸ்தா மனம்' என்று ஒன்று வருகிறதல்லவா, அது நான்தான்.

குமாஸ்தா என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. கணக்குப் பார்த்தேன் என்பதும் வாஸ்தவம். என்ன கணக்கு என்பதை மட்டும் நண்பர் எழுதவில்லை.

ஏற்பாடு செய்தவர்கள் அனுப்பிய வண்ணப் பிரசுரத்தின் தலைப்பே 'பொறுப்புள்ள பயணம்' என்றுதான் இருந்தது. நண்பரின் கட்டுரையிலும் அந்தச் சொல் ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் பொறுப்பு என்றால் வேறு அர்த்தம். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் பொறுப்பு. நாம் இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டிய தொகைதான் பொறுப்பு. ஒரு கிழவி வந்து சேமிப்புக் கணக்கில் போடுகிற ஆயிரம் ரூபாய் வங்கிக்குச் சொத்து அல்ல, பொறுப்பு. அவள் கேட்கிற அன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கப்பட வேண்டியவரின் பெயர் இல்லாமல் பொறுப்பு என்று ஒன்று கிடையாது. யாருடையது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பிரசுரத்தில் ஐந்து உறுதிமொழிகள் இருந்தன. பிளாஸ்டிக் பை கொண்டுபோக மாட்டோம். வண்டித்தடத்தை விட்டு விலகி ஓட்டச் சொல்ல மாட்டோம். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்க மாட்டோம். உள்ளூர்க்காரர்கள் செய்த மணிமாலைகளையே வாங்குவோம். உள்ளூர் வழிகாட்டிகளுக்கு நியாயமான கூலி போகிறதா என்று கேட்போம். நல்ல விஷயங்கள்தான். ஆனால் பிளாஸ்டிக் பைகளை தான்சானிய அரசு 2019 ஜூனிலேயே தடை செய்துவிட்டது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தடம் விலகக்கூடாது என்பது பூங்காவின் விதி. ஆக ஐந்தில் இரண்டு, சட்டத்தை மீற மாட்டேன் என்கிற உறுதிமொழி. நான் திருட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வங்கிக்குள் நுழைந்தால் அவனுக்கு மாலை போடுவோமா? மற்ற மூன்றிலும் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது இல்லை. எல்லாம் நம்முடைய நடத்தை, நம்முடைய கண்ணியம், நம்முடைய சுத்தம்.

2002இல் கேப்டவுனில் கூடி இந்த வகைப் பயணத்துக்கு ஒரு பிரகடனம் செய்தார்கள். தங்கள் வாழ்வைப் பாதிக்கிற தீர்மானங்களில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு இருக்கவேண்டும் என்பதும் அதில் ஒரு அம்சம். அந்த ஒன்றை மட்டும் பிரசுரத்தில் காணோம். அச்சிட இடமில்லாமல் விட்டதாக நான் நினைக்கவில்லை.

நண்பர் கட்டுரையின் உச்சம் என்று அவரே நினைத்திருக்கக்கூடிய இடத்துக்கு வருகிறேன். செரங்கெட்டியின் குட்டைப்புல் சமவெளியில் விடியற்காலையில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வைல்டபீஸ்ட் மந்தைகள். 'மனிதக் காலடி படாத ஆதி நிலத்தில், சங்கக் கவிதையின் முல்லையை முதன்முதலாக நேரில் கண்டேன்' என்று எழுதுகிறார். படித்தவுடன் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். இது சாதாரண வாரப்பத்திரிகைப் பயணக்கட்டுரையில் வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சொல்லைச் சந்தேகப்படுவதுதான் எழுத்து என்று நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் எழுதிய வாக்கியம் இது.

முல்லை என்றால் காடும் புல்லும் மட்டுமா? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்தவர்கள் விலங்கையும் ஆளையும் தொழிலையும் பறையையும் தெய்வத்தையும் ஒரே கருப்பொருளில் வைத்தார்கள். ஆயர் இல்லாமல், மாடு இல்லாமல், மாலையில் கொட்டில் திரும்பும் மணியோசை இல்லாமல் முல்லை இல்லை. நண்பர் பார்த்த சமவெளியில் இவை எதுவும் இல்லை. இல்லாமல் போனதா, இல்லாமல் ஆக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை. ஆயர்களை அவர் பார்த்தார். ஐந்தாம் நாள், பிற்பகல், நிகழ்ச்சி நிரலில் 'கலாச்சார வருகை' என்ற தலைப்பின் கீழ், வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து. அங்கே அவர்கள் எம்பிக் குதித்து ஆடினார்கள். வனவிலங்கு நான்கு நாள், கலாச்சாரம் அரை நாள். இந்தத் துண்டுபோடல்தான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். திணையை நாம் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெருமையை மேடைகளில் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு கருவியைக் கையில் எடுத்தால் அதன் கூர் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நிலத்தின் கதையை நான் விலகிய பிறகு படிக்கவில்லை. விலகியதே அதைப் படித்ததால்தான். பயணத்துக்குத் தயார் செய்துகொள்வோம் என்று அரசாங்கப் பொதுநூலகத்திலும் கைப்பேசியிலும் மூன்று மாதம் படித்தேன்.

செரங்கெட்டி என்ற பெயரே மசாய் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. முடிவில்லாமல் நீளும் நிலம் என்று பொருள் சொல்கிறார்கள். மனிதக் காலடி படாத நிலத்துக்கு யார் பெயர் வைத்தார்களாம்? 1890ஐ ஒட்டிய வருஷங்களில் ரிண்டர்பெஸ்ட் என்ற வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கிற்று. எரித்ரியாவில் இறங்கிய இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வந்தது என்பார்கள்; அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்றும் ஒரு கருத்து உண்டு. மாடுகள் செத்தன. எருமைகளும் வைல்டபீஸ்டுகளும் செத்தன. பின்னாலேயே பெரியம்மையும் பஞ்சமும் வந்தன. மசாய்கள் அந்தக் காலத்தை எமுதாய் என்கிறார்கள். பூண்டோடு அழிந்த காலம். 1892இல் ங்கொரோங்கொரோ பள்ளத்துக்குள் இறங்கிய முதல் ஐரோப்பியரான ஆஸ்திரியர் ஆஸ்கார் பௌமன், தன் கூடாரத்தைச் சுற்றிக் கூடிய பட்டினிக் கூட்டத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மசாய்களில் மூன்றில் இரண்டு பங்கு இறந்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அதற்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்தது, ஆளும் மாடும் செத்துக் காலியாகிக் கிடந்த நிலத்தை. அதைத்தான் ஆதி நிலம் என்றார்கள். நூற்றிச்சொச்ச வருஷம் கழித்து நம் நண்பரும் அதையே சொல்கிறார், தமிழில்.

இன்னொரு சமாச்சாரம். 1960களின் தொடக்கத்தில் செரங்கெட்டியில் வைல்டபீஸ்ட் சுமார் 2.5 லட்சம்தான். 1970களின் பின்பாதியில் அது 13 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. காரணம், சுற்றிலுமிருந்த நாட்டு மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட்டார்கள். மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது. நண்பரை மெய்சிலிர்க்க வைத்த அந்த மந்தை, ஆயர்களின் மாட்டுக்குப் போட்ட ஊசியால் பெருகிய மந்தை. அதோடு முடியவில்லை. வைல்டபீஸ்ட் கன்று போடும் காலத்தில் அந்தக் கன்றுகளிடமிருந்து மாடுகளுக்கு ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும். மசாய்களுக்கு இது வெகுகாலமாகத் தெரியும். ஆகவே அந்த மாதங்களில் தங்கள் மாடுகளைக் குட்டைப்புல் சமவெளியிலிருந்து ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள். மந்தை ஐந்து மடங்கு ஆனபோது, வருஷத்தில் நல்ல புல் இருக்கிற மாதங்களிலேயே அந்தப் புல் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. தங்கள் மாட்டின் ஆரோக்கியத்துக்கு அவர்கள் கொடுத்த விலை இது. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நல்ல கவிஞன் ஒருவன் என்ன எழுதியிருக்கலாம்! நமக்குக் கிடைத்தது விடியற்காலையும் ஆதியும்.

அந்தச் சமவெளியிலிருந்து ஆள் எப்படிப் போனான்? 1951இல் செரங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. மசாய்கள் உள்ளேதான் இருந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் மிருகக்காட்சிச்சாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு போட்ட சிறு விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் விமானம் விழுந்து மைக்கேல் இறந்தார். அவர்கள் எடுத்த 'செரங்கெட்டி சாகக்கூடாது' என்ற படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. தேசியப் பூங்காவில் மனிதன் வசிக்கக்கூடாது, அந்த மண்ணின் மனிதனும் கூடாது என்பது கிர்ஸிமெக்கின் வெளிப்படையான கொள்கை. இதற்கு முன்பே, 1958இல், மசாய்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் செரங்கெட்டியை விட்டுப் போவதாக ஒரு காகிதத்தில் ஒப்பமிட்டிருந்தார்கள். பதிலுக்கு ங்கொரோங்கொரோவில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று வாக்களிக்கப்பட்டது. 1959இல் அது தனிப் பாதுகாப்புப் பகுதியாயிற்று.

குழுப்பயணம் பற்றி நண்பர் இவ்வளவு எழுதியிருக்கிறாரே, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஜெர்மானியர்கள் குழுவாகப் போகத் தொடங்கிய கதை தெரியுமா? கிர்ஸிமெக் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இன்ன மலிவான விலைக்கு ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று அறிவித்தார். அப்படி ஒரு ஏற்பாடே அப்போது இல்லை. ஜனங்கள் பயண அலுவலகங்களில் போய்க் கேட்க, அலுவலகங்கள் வேறு வழியில்லாமல் அதை உண்டாக்கின. பூங்கா பிழைக்க வேண்டுமானால் வேடிக்கை பார்க்க ஆள் வரவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். கெட்டிக்காரர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. விலங்குகளுக்காக ஒரு மகனைக் கொடுத்த மனிதர். ஆனால் அங்கே வாழ்ந்தவன் வெளியே, வேடிக்கை பார்ப்பவன் உள்ளே என்கிற ஏற்பாடு பொறுப்பு என்ற சொல் வருவதற்கு முன்பே தயாராகிவிட்டது. சொல் பின்னால் வந்து பெயின்ட் அடித்தது.

ங்கொரோங்கொரோ வாக்கு என்னாயிற்று என்று பார்த்தால், 1974இல் பள்ளத்தின் அடியில் குடியிருந்தவர்களை அகற்றினார்கள். 1975இல் பயிர்செய்வது தடைசெய்யப்பட்டது. இடையில் 1992இல் தளர்த்தி மறுபடி தடுத்தார்கள். 2022 ஜூனில் பக்கத்து லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடப் போலீஸ் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு போலீஸ்காரர் அம்பு பட்டு இறந்தார். காயம்பட்ட மசாய்கள் பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்குள் ஓடினார்கள். அதே ஜூனில் ங்கொரோங்கொரோக் குடும்பங்களை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ம்சொமேராவுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். தாமாக விரும்பிப் போகிறார்கள் என்றது அரசு. மருத்துவமும் பள்ளிக்கூடமும் ஒவ்வொன்றாக முடங்கிய இடத்தில் விருப்பம் என்றால் என்ன என்பதை நாவல் எழுதுகிறவர்களாவது யோசிக்கலாம். 2024 ஆகஸ்டில் அந்தப் பகுதியின் கிராமங்களையே பதிவிலிருந்து நீக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் செரங்கெட்டிக்குப் போகும் சாலையில் அமர்ந்தார்கள். சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்றன. நீதிமன்றம் தடைவிதித்தது, அரசு பின்வாங்கிற்று.

அந்தச் சாலையில்தான் நண்பரின் வண்டியும் போயிற்று. கட்டுரையில் சாலை வருகிறது: செம்மண் புழுதி, அகேசியா நிழல்.

மறுதரப்பிலும் சொல்ல இருக்கிறது. 1959இல் சுமார் 8,000 பேர் இருந்த ங்கொரோங்கொரோவில் 2022 வாக்கில் ஒரு லட்சம் பேர் வரை இருந்தார்கள். மாடும் ஆடும் பெருகிவிட்டன. நிலம் தாங்காது என்கிற வாதத்தை வெறும் சதி என்று தள்ளிவிட முடியாது. அந்நியச் செலாவணி ஈட்டுவதில் சுற்றுலா அந்த நாட்டுக்கு முதல் வரிசை வருமானம். பூங்காக் காவலருக்குச் சம்பளம் அதிலிருந்துதான். காண்டாமிருகம் அங்கே இன்னும் மிஞ்சியிருப்பதில் அந்தக் காவலுக்குப் பங்கு உண்டு. காலனி ஆட்சி போட்ட கோட்டைச் சுதந்திர தான்சானியாவின் கறுப்பு அதிகாரிகளே அழுத்தி வரைகிறார்கள் என்பதும் உண்மை. வெள்ளைக்காரன் மேல் பழிபோட்டுவிட்டு நாம் நகர முடியாது. ஆனால் நிலம் தாங்காது என்று மாட்டுக்காரனைப் போகச் சொல்கிற அதே பள்ளத்தின் விளிம்பில் விடுதிகள் நிற்கின்றன. ஒரு வண்டி உள்ளே இறங்க 250 டாலரும் அதன்மேல் வரியும் என்று அண்மைக் கட்டணப் பட்டியல் ஒன்றில் பார்த்தேன். நிலம் யாரைத் தாங்குகிறது, யாரைத் தாங்கவில்லை?

என் தொழிலின் கௌரவத்துக்காக ஒன்று. தெற்கே ருவாஹா பூங்காவை விரித்துச் சுற்றுலாவை வளர்க்க உலக வங்கி 15 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அங்குள்ளவர்கள் வெளியேற்றத்தையும் காவலர்களின் வன்முறையையும் பற்றிப் புகார்மேல் புகார் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் வங்கி பணத்தை நிறுத்திற்று. நவம்பரில் திட்டமே ரத்தாயிற்று. தாமதம்தான், நிர்ப்பந்தம்தான். ஆனால் கடன் கொடுத்த குமாஸ்தாக்களுக்கு ஏறிய அந்தச் சிறு சந்தேகம் ஏழு எழுத்தாளர்களில் ஒருவருக்கும் ஏறவில்லை.

1975இல் சினுவா அச்செபெ ஒரு சொற்பொழிவில் கான்ராடின் 'இருளின் இதயம்' நாவலைப் போட்டுக் கிழித்தாரே, அதை நாம் நான்கு பேர் மொட்டைமாடியில் உட்கார்ந்து இரவெல்லாம் விவாதித்தோம். ஆப்பிரிக்காவை ஐரோப்பிய மனம் ஒன்று சிதைவதற்கான படுதாவாக மட்டும் வைத்துக்கொள்வது எப்படிப்பட்ட கலைக் குற்றம் என்று அன்று அதிகம் பேசியவர் நண்பர்தான். இப்போது அதே படுதாவின் முன்னால் ஒரு தமிழ் மனம் பரவசப்படுகிறது. சிதைவுக்குப் பதில் பரவசம், படுதா மாறவில்லை. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றி எழுதியதில் 'நான்' எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்பதை நம்மவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அவர் எங்கேயும் தரிசனம் பெறவில்லை. ரயில் கட்டணம் எவ்வளவு, யாரோடு பேசினேன், அவர் என்ன சொன்னார் என்று எழுதினார்.

ஏயாசி ஏரிப் பக்கம் ஹட்ஸா வேட்டையாடிகளைப் பார்க்கப் போன காலைப்பொழுதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் மொத்த ஜனமே. பன்னிரண்டு பேர் அவர்கள் வேட்டைக்குப் பின்னால் ஓடினார்களாம். ஒரு பறவை விழுந்ததாம். அனுமதி கேட்டுத்தான் படம் எடுத்தார்களாம்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பி.ஏ. கடைசி வருஷத்தில் ஹெமிங்வேயின் 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. அட்டை கிழிந்த பிரதி. அன்று முதல் அந்தப் புல்வெளி எனக்குள் கிடந்தது. முன்பணம் கட்டிய இரவு தூக்கம் வரவில்லை. இப்போதும் யாராவது வெறுமே போகலாம் வா என்றால் போய்விடுவேனோ என்னவோ. போகக்கூடாது என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறேன், காசு கொடுக்கிறேன், சிங்கம் பார்த்தேன், திரும்பி வந்தேன் என்று ஒருவன் எழுதினால் அவனோடு எனக்குச் சண்டை இல்லை. காப்பி பொடி வாங்கி வருகிறவனோடு என்ன சண்டை? அந்தப் பயணத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்து, அந்தப் பெயரின் பலத்தில் ஆதி நிலம் என்று எழுதி, அதை இந்தப் பத்திரிகையில் அச்சிடும்போதுதான் சண்டை. நமக்கு இருப்பது முந்நூறு வாசகர்கள். விற்பனை இல்லை, பரிசு இல்லை. சொல்லை ஏமாற்றமாட்டோம் என்பது ஒன்றுதான் இத்தனை வருஷமாக நம்மிடம் இருந்த கைம்முதல்.

முன்பணத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது. மீதி ரத்துக் கட்டணம் என்று ரசீது அனுப்பினார்கள். ரசீதின் அடியிலும் பச்சை எழுத்தில் அந்தப் பொறுப்பு இருந்தது.

நண்பர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ங்கொரோங்கொரோ விளிம்பில் கிர்ஸிமெக் தகப்பனுக்கும் மகனுக்கும் எழுப்பிய கற்கூம்பின் முன்னால் குழு இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றதாக எழுதியிருக்கிறார். நின்றது சரி. 1958இல் ஒப்பமிட்ட அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கல் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியைக் கேட்டாரா? அவரும் பன்னிரண்டு பேராகத்தானே போயிருந்தார்.